வாப்பாட நைன்டி விற்பனைக்கு இல்லை



மூன்று மாதமாக ஒரே கேள்வியைப் பல பேர் எங்களிடம் கேட்டுவிட்டீர்கள். மீன் சந்தையில், பஸ்ஸில், பாடசாலைப் பெற்றார் கூட்டத்தில், இன்பொக்ஸில். "டீச்சர், அந்த நைன்டிய விக்கிற எண்ணமா? வித்தா எங்களுக்குச் சொல்லுங்க." ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

இதில் எல்லா இடத்திலும் 'நாங்கள்' என்றுதான் வரும். வாப்பா விட்டுப்போன ஒரு பொருளைப் பற்றி எங்களில் ஒருவர் மட்டும் பேச முடியாது. எங்களில் மூத்தவளும் சின்னவளும் ஆசிரியைகள். தம்பி கட்டாரில். உம்மா எங்களோடு ஓர்ஸ் ஹில் வீட்டில்.

ஓர்ஸ் ஹில்லில் பழைய ஆட்களுக்கு அந்த மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'ஸ்டோர் கீப்பர் காக்காட நைன்டி' என்றால் தெரியும். ஹொண்டா சி 90. வாப்பா 1988 இல் வாங்கும்போதே அது பழசு. துறைமுகத்தில் களஞ்சிய வேலை முடிந்து இறங்கி, டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு, மறுபடி எங்கள் ஏற்றத்தில் ஏறும். இரண்டாவது கியரில் அது மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் உம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவா. எங்கள் வீட்டில் மணிக்கூடு பார்த்தது குறைவு.

அந்த வண்டியில் கிளச் பிடிக்கும் கைப்பிடி கிடையாது. சின்ன வயதில் அது ஏதோ உடைந்துபோய்விட்டது என்று நினைத்திருக்கிறோம். பிறகுதான் வாசித்தோம். 1958 இல் ஜப்பானில் ஹொண்டா கம்பனி இந்த வகையை முதலில் செய்தபோது, அந்தக் கம்பனியை ஹொண்டாவோடு சேர்ந்து நடத்திய தக்கேயோ புஜிசாவா ஒரு நிபந்தனை வைத்தாராம். ஒரு கையில் நூடில்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு போகும் சாப்பாட்டுக் கடைப் பையன் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால்தான் இடது கைக்கு வேலை இல்லை. கியர் இடது காலில், பின் பிறேக் வலது காலில், முன் பிறேக்கும் எக்ஸலேட்டரும் வலது கையில். இந்தக் குடும்பத்து வண்டிகள் உலகம் முழுவதிலும் 2017 ஒக்டோபரில் 10 கோடியைத் தாண்டிவிட்டன. வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வந்ததில்லை.

வாப்பாவின் இடது கையில் நூடில்ஸ் தட்டு இருந்ததில்லை. பாரை மீன் கோர்த்த ஓலை இருக்கும். சில நாள் எங்கள் தம்பியின் சட்டைக் கொலர் இருக்கும். அவன் முன்னால் நின்று வருவான், நாங்கள் இருவரும் பின்னால். இன்றைக்கு அப்படி யாராவது போனால் நாங்களே நிற்பாட்டிப் புத்தி சொல்லுவோம். அன்றைக்கு அதுதான் எங்கள் கார்.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பும்மாவைப் பார்க்கக் கிண்ணியாவுக்கு. சீனக்குடா வழியாகப் போய், பாதையில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளிடம் 'பாதை' என்றால் ரோட்டைத்தான் நினைக்கிறார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போன அந்தப் பெரிய மிதவைக்கும் அதுதான் பெயர் என்று வகுப்பில் விளக்க வேண்டியிருக்கிறது. 396 மீற்றர் பாலம். திறந்த அன்று நாட்டிலேயே நீளமானது. அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா அதில் போய், திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டோம். "இவ்வளவு காலமும் காத்துக்கொண்டு நிண்டதுக்கு" என்றார்.

2023 ஜனவரியில் வாப்பா மௌத்தானார். நைன்டி பின் விறாந்தையில் ஒரு நீலப் படங்குக்குள் போனது. 'ஞாபகத்துக்கு இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், முடிவெடுக்கப் பயந்து மூடி வைத்தோம். துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஜன்னல் கம்பியைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும். ஓடாமல் நிற்கும் வண்டியை விடுமா? இரண்டு வருஷம் கழித்துப் படங்கைத் தூக்கினால், ஞாபகத்துக்கு வைத்த பொருள் எங்கள் கண் முன்னாலேயே துருவாகிக்கொண்டிருந்தது.

படங்கைத் தூக்க வைத்தது ஒரு விலை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிற்பாட்டப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கிறார்கள் என்றதும், 'இனி இறங்கும், இப்பவே வித்திருங்க' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஸ்டார்ட் பண்ணிக்கூடக் காட்டச் சொல்லவில்லை. ஓடுமோ ஓடாதோ அவருக்குக் கவலை இல்லை. பெயின்ற் அடித்து, வாசலில் நிறுத்தி, பின் கரியரில் பூச்சாடி வைக்கப் போகிறாராம். வெள்ளைக்காரர் படம் எடுப்பார்களாம். 96,000 ரூபா, கையில்.

ஓடாத வண்டிக்கு 96,000! நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று இரவே மூத்தவள் கொப்பியை எடுத்துப் பங்கு பிரித்தாள். கணித ஆசிரியை அல்லவா. பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்மாருக்கு ஒவ்வொன்று. முழுவதையும் 32 ஆகப் பிரித்தால் உம்மாவுக்கு 4, தம்பிக்கு 14, எங்கள் இருவருக்கும் ஏழு ஏழு. 96,000 ஐ 32 ஆல் பிரித்தால் மிச்சமில்லாமல் 3,000. ஆகவே உம்மாவுக்கு 12,000, தம்பிக்கு 42,000, எங்களுக்கு 21,000 வீதம். எட்டாம் வகுப்புப் பின்னக் கணக்குக்குக்கூட இவ்வளவு வடிவாக விடை வராது.

வாப்பாவின் கடன்களை முதல் நாற்பது நாளுக்குள்ளேயே தேடிக் கொடுத்து முடித்திருந்தோம். பங்கு பிரிப்பதற்கு முன் கடன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பங்கு என்று நாங்கள் நினைத்தது வீட்டையும் காணித் துண்டையும் மட்டும். ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் நான்கு பேருடைய சொத்து என்று யோசிக்கவே இல்லை. பதிவுப் புத்தகம் இன்னும் வாப்பாவின் பெயரில். வருட லைசன்ஸ் முடிந்து இரண்டு வருஷம். மௌத்தானவரின் பெயரில் கிடக்கும் வாகனத்தை வாரிசுகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் விற்பதும் சரியில்லை, ஓட்டுவதும் சரியில்லை. இந்தப் பதிவை வாசிப்பவர்களில் எத்தனை வீட்டில் அப்படி ஒரு வண்டி நிற்கிறதோ! தயவுசெய்து பாருங்கள்.

தம்பிக்குப் படம் அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. "விக்க வேணாம். பூச்சாடி வெக்கவா வாப்பா அத வெச்சிருந்தவர்? செய்ய எவ்வளவு முடியும் எண்டு கேளுங்க, நான் அனுப்புறன்." பின்னால் வேலைத்தளத்து இரைச்சல். அவனுடைய கோபம் நியாயம்தான். ஆனால் துருவை அவன் பார்க்கவில்லை.

டவுனில் வாப்பா வழக்கமாகப் போகும் கராஜ் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டோம். முப்பது வருஷமாக அந்த வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர். வந்ததும் வண்டியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேர்ட் கையை மடித்தார்.

முதலில் தாங்கியைத் திறந்து மணந்து பார்த்தார். இரண்டு வருஷப் பெற்றோல் வார்னிஷ் மாதிரி ஆகிவிட்டது. அது காபரேட்டரின் சின்னத் துவாரங்களை எல்லாம் அடைத்துவிடுமாம். அதை வடித்துவிட்டு, சுத்தம் செய்து, புதுப் பெற்றோல் ஊற்றி உதைத்தார். பதினேழாவது உதையில் ஸ்டார்ட் வந்தது. கூடவே நீலப் புகை, விறாந்தை முழுவதும். அந்தச் சத்தம் கேட்டதும் உம்மா உள்ளே எழும்பிப் போனதை நாங்கள் அப்போது கவனித்தோம், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எங்கிருந்து இறங்குகிறது என்று பார்க்க அவர் செய்த பரிசோதனை வகுப்பில் காட்டக்கூடியது. பிளக்கைக் கழற்றிவிட்டு, விரலால் துவாரத்தை அடைத்துக் கையால் கிக்கரை அமுக்கிக் காற்றின் அழுத்தம் பார்த்தார். பலவீனம். பிறகு அந்தத் துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, மறுபடி அமுக்கினார். இப்போது விரலைத் தள்ளியது. "ஒயில் போய் இடைவெளிய அடைச்சிருக்கு டீச்சர். அப்ப ரிங்ஸும் போரும் தேஞ்சிருக்கு. மாற்றம் தெரியாம இருந்திருந்தா வால்வ்ல பிழை எண்டு சொல்லியிருப்பன்."

ஏன் தேய்ந்தது? வாப்பா வண்டியைக் குழந்தை மாதிரிப் பார்த்தவர் ஆயிற்றே என்றோம். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "இருபத்திரண்டு."

2022 ஐ யார் மறப்போம்? ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் கிடைத்தால். ஜூலையில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வாப்பா அந்தக் கடதாசியை லமினேற் பண்ணிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வரிசையில் நின்று வந்து ஒரு நாள் சொன்னார்: "சீனக்குடாவில தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கி. வெள்ளைக்காரன் யுத்தத்துக்குக் கட்டினது. அத வெச்சுக்கொண்டிருக்கிற ஊர்க்காரன் நாலு லீற்றருக்கு ராத்திரி முழுக்கக் கொட்டாவி விடுறான்." அந்த 4 லீற்றரிலும் ஒரு லீற்றர் பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டிக்குப் போகும். அந்தத் தம்பிக்கு அதுதான் தொழில். நைன்டி ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும், ஆகவே தனக்கு மூன்று போதும் என்பது வாப்பாவின் கணக்கு.

பெற்றோலுக்குத்தான் கியூஆர் இருந்தது. ஒயிலுக்கு விலைதான் இருந்தது. இந்த எஞ்சினுக்குள் இருப்பதே ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில். எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் அதே ஒயில்தான். கறுத்ததும் மாற்ற வேண்டும். அந்த வருஷம் வாப்பா மாற்றவில்லை, குறைந்ததை மட்டும் ஊற்றிச் சமாளித்திருக்கிறார். எங்களிடம் ஒரு தரமாவது சொன்னாரா? இல்லை. பிள்ளைகள் இருவரும் அரசாங்கச் சம்பளத்தில் மாதக் கடைசியை எப்படித் தாண்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒயில் மாற்றக் காசு கேட்காமல் இருந்துவிட்டார். அது பிஸ்டனில் எழுதியிருக்கிறது. நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அண்ணன் வேலையில் இருந்தார். வண்டியைச் சரித்து வைத்து, ஸ்குரூ டிரைவரால் செசியைத் தட்டிக்கொண்டே போனார். இந்த வண்டிக்குக் குழாய்ச் சட்டம் இல்லை. பின்பக்கம் தகட்டை அமுக்கிச் செய்த உடம்பு. பின் மட்கார்ட்டுக்குள் சேறும் உப்பும் தங்கினால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ற் நல்லாக இருக்கும். தட்டும் சத்தம் 'டிங், டிங்' என்று வந்து, பற்றரிப் பெட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் 'டொக்' என்றது. ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. இரண்டு விரல் அகல ஓட்டை.

எங்களுக்கு வயிறு கலங்கியது. அவர் நிமிர்ந்து, "இது ஒட்டலாம். கழுத்துப் பக்கம் போயிருந்தா நான் கைவெச்சிருக்க மாட்டன். எஞ்சின் எத்தனை தரமும் செய்யலாம் டீச்சர், செசி போனா வண்டி இல்ல" என்றார். பழைய வண்டி செய்ய நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது தகட்டை.

கணக்கு இப்படி வந்தது. போர் அடித்து, பெரிய அளவுப் பிஸ்டனும் ரிங்ஸும் போட்டு, வால்வ் சீலும் டைமிங் செயினும் மாற்ற 31,500. தகடு ஒட்டித் துரு எடுக்க 8,000. வயரிங்கும் பற்றரியும் 9,500. இரண்டு ரயரும் ரியூபும் 17,000. பிறேக் சூ, கேபிள், சில்லு பெயரிங் எல்லாம் 12,000. மொத்தம் 78,000. பெயின்ற் இல்லை. அதைக் கேட்கவும் இல்லை.

மூத்தவள் மறுபடி கொப்பியை எடுத்தாள். பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு பிழை விடுவார்கள் என்றாள். செய்கிற செலவு 78,000 அல்ல. வராமல் போகும் 96,000 ஐயும் சேர்த்தால் 1,74,000. அந்த விலையில் நாங்கள் வைத்திருக்கப் போவது வாப்பாவின் வண்டி. செய்த பிறகு யாராவது ஒன்றரை இலட்சம் தரலாம் என்று அண்ணன் சொன்னார். ஆகவே காசுக் கணக்கில் 24,000 நட்டம். அந்த 24,000 க்கு என்ன கிடைக்கும்?

சின்னவள் தன் கணக்கைச் சொன்னாள். பாடசாலைக்கு ஒரு வழி 7 கிலோமீற்றர். பஸ்ஸும் முச்சக்கர வண்டியுமாக மாதம் 9,000 போகிறது. நைன்டியில் போனால் இருபது நாளுக்கு 280 கிலோமீற்றர், 6 லீற்றருக்கும் குறைவு. லீற்றர் 300 என்று வைத்தாலும் ஏறக்குறைய 1,700. மாதம் 7,300 மிச்சம். பதினொரு மாதத்தில் 78,000 திரும்பி வரும். வேறு ஸ்கூட்டர் வாங்கலாம்தான். விசாரித்தோம், பாவித்ததே மூன்றரை இலட்சம் சொன்னார்கள்.

கணக்கு எவ்வளவு திறமாக வந்து முடிகிறது பாருங்கள். ஒரே ஒரு ஓட்டை. ஓட்டுவது யார்? எங்களில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது.

அது ஒரு பழைய கதை. 2010 இல் சின்னவளுக்கு நியமனம் கிடைத்தபோது வாப்பா சொன்னார்: "மகள், நைன்டிய பழகு. கிளச் இல்ல, லேசு." இரண்டு பின்னேரம் மைதானத்தில் பழக்கினார். மூன்றாம் நாள் உம்மா வேண்டாம் என்று விட்டா. "பொம்புளப் புள்ள மோட்டார் சைக்கிள் ஓடினா ஊரு கதைக்கும்." வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுத்து வைத்துவிட்டார். பதினைந்து வருஷம் பஸ்ஸில் போனோம். இன்று எங்கள் பாடசாலை வாசலில் அபாயாவோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்! ஊர் கதைத்து ஓய்ந்து, இப்போது அந்த ஊரே தன் மகள்மாருக்கு ஸ்கூட்டர் பார்க்கிறது.

அன்று இரவு நாங்கள் மூன்று பேரும், இரண்டு பேர் விறாந்தையிலும் ஒருவர் போனிலுமாக, நல்ல சத்தமாகவே வாக்குவாதப்பட்டோம். விற்பதே புத்தி என்று மூத்தவள். கணக்குப் பார்க்கிற விஷயமா இது என்று தம்பி. எட்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்று ஒருவர் சொல்ல, அது கொஞ்சம் கூடிப்போய், அவன் போனை வைத்துவிட்டான். (அது எட்டாயிரம் இல்லை, அதில் பாதிகூட இல்லை. கோபத்தில் தூரமும் கூடிவிடுகிறது.)

அப்போதுதான் உம்மா வெளியே வந்தா. எங்களுக்கு உறைத்தது. எட்டில் ஒரு பங்கு என்று கொப்பியில் முதல் வரியில் எழுதிய ஆளிடம் நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உம்மாவுக்கு அது வாப்பாவின் நினைவு, விற்றால் மனம் நோகும் என்று நாங்களாகவே தீர்மானித்திருந்தோம். கேட்டால் அழுவா என்று பயந்தோம்.

உம்மா அழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னா:

"நீங்க மூணு பேரும் அதில ஏறிப் போன ஆக்கள். நான் வாசல்ல நிண்டு காத்துக்கொண்டு இருந்த ஆள். தொண்ணூறுல ஊரடங்கு போட்ட நேரம் அஞ்சு மணிக்கு வாற மனுசன் ஏழுக்கும் இல்ல. சுனாமி அண்டைக்கு உம்மாவப் பாக்கப் போறன் எண்டு கிண்ணியாவுக்குப் போனவர், மூணாம் நாள்தான் அந்தச் சத்தம் கேட்டது. உங்களுக்கு அது வாப்பா வாற சத்தம். எனக்கு அது கேக்காம இருந்த நேரம்தான் ஞாபகம். இண்டைக்கு அந்த மனுசன் அத ஸ்டார்ட் பண்ணினதும் என்ட காலு தன்ட பாட்டில வாசலுக்குப் போகப் பாத்தது."

நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

"ஊரு கதைக்கும் எண்டு அண்டைக்குச் சொன்னது பொய். உங்கட வாப்பாக்கும் அது தெரியும். இன்னொரு ஆளுக்கும் வாசல்ல நிக்க எனக்கு ஏலாது எண்டுதான் சொன்னது. வாப்பா அதுக்காகத்தான் என்னோட சண்ட பிடிக்கல."

சின்னவள், "அப்ப வித்திருவம் உம்மா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். பதினைந்து வருஷத்துப் பஸ் பயணத்துக்குக் காரணம் ஊர் இல்லை, வாசலில் நின்ற ஒரு பயம் என்று தெரிந்த பிறகு, இன்னும் பதினைந்து வருஷம் பஸ்ஸில் போகலாம்போல் இருந்தது.

உம்மா படங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு, "ஓடுமெண்டா ஓட வைங்க. இல்லாட்டி, ஓடுற ஆருக்கும் குடுங்க. பூச்சாடிக்கும் வேணாம், படங்குக்குள்ளயும் வேணாம். அவர் ஒரு சாமான சும்மா வெச்சிருந்ததில்ல" என்றா. எழும்பப் போனவ நின்று கேட்டா: "என்ட பங்கு எவ்வளவு எண்டீங்க?"

"பன்னிரண்டாயிரம் உம்மா."

"பிறேக்குக்கு எவ்வளவு எண்டாரு?"

மூத்தவள் கொப்பியைப் பார்க்கவே இல்லை. "அதுவும் பன்னிரண்டாயிரம்தான்."

"அப்ப என்ட பங்கு பிறேக்குக்கு."

விற்றால்தானே உம்மா அந்தக் காசு என்று நாங்கள் விளக்கப் போனோம். உம்மா அலுமாரியைத் திறந்து, பழைய சாறிக்குள் சுற்றி வைத்திருந்த காசை எடுத்து எண்ணி மேசையில் வைத்தா. பன்னிரண்டாயிரம். "பிறேக் முதல்ல போடச் சொல்லு. மற்றது பிறகு."

இதுதான் எங்கள் முடிவு வந்த விதம். சின்னவள் ஓட்டுவாள். வண்டி அவளுடைய பெயருக்கு மாறும். அதற்கான மரணச் சான்றிதழ், எல்லோருடைய கையொப்பம், கிராம சேவகரிடம் போகிற வேலை எல்லாம் நடக்கிறது. தம்பி அடுத்த நாளே எடுத்தான், சமாதானம். தன் பங்கைத் தங்கள் வீட்டு வண்டிக்கு அன்பளிப்பு என்று எழுதித் தந்தான். மூத்தவளும் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். அதைச் சின்னவள் ஏற்கவில்லை. மாதம் 3,000 வீதம் ஏழு மாதத்தில் 21,000 கொடுத்து முடிப்பதாக ஒப்பந்தம். சகோதரிகளுக்குள் இது என்ன என்று சிரிக்காதீர்கள். வாப்பா முப்பது வருஷம் களஞ்சியம் பார்த்தவர். ஒரு ஆணி குறைந்தாலும் ஏட்டில் இருக்க வேண்டும் என்பார். பாசத்தில் விட்டுக்கொடுத்தோம் என்று நினைத்த எத்தனை பங்குகள் பத்து வருஷம் கழித்து மனத்தாங்கலாக வெளியே வந்திருக்கின்றன என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொடுப்பதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் பாசமாகவே இருக்கும்.

உம்மாவின் எட்டில் ஒன்று உம்மாவுடையதாகவே இருக்கிறது. அந்தப் பங்கு இரண்டு சில்லுகளிலும் இருக்கிறது என்று அண்ணன் சிரித்தார். பிறேக்கை அவர் உண்மையாகவே முதலில்தான் போட்டார். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே, ஓடாத வண்டிக்கு!

நிலாவெளிக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. வேறு எங்காவது செசி போன ஒன்று இருந்தால் சொல்லச் சொன்னார். அவருக்கு உதவக்கூடியவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். அப்படிப்பட்ட வண்டிக்குப் பூச்சாடி நல்ல முடிவுதான்.

இப்போது நிலவரம். போன கிழமை எஞ்சின் பூட்டியாயிற்று. புகை இல்லை. லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும், துஆ செய்யுங்கள். சின்னவள் பயிலுநர் பத்திரத்துக்கு விண்ணப்பித்துவிட்டாள். 100 சிசிக்கு உட்பட்ட வண்டி என்பதால் ஏ1 வகுப்பு. ஹெல்மெட் வாங்கியாயிற்று. அதுவும் உம்மா தட்டிப் பார்த்துத் தெரிவு செய்தது. முதல் 500 கிலோமீற்றருக்கு மெதுவாக ஓட்ட வேண்டும், அதோடு ஒயில் மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் ஒருபோதும் பிந்த மாட்டோம்.

ஆகவே, கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில். வாப்பாட நைன்டி விற்பனைக்கு இல்லை.

ஆனால் எங்களுக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, யாரிடமாவது சி 90 இன் இடது பக்க மூடி, பழையதானாலும், கிடந்தால் சொல்லுங்கள். காசு தருவோம். இரண்டு, வரும் மாதங்களில் பின்னேரங்களில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எல் போர்ட் போட்ட ஒரு நைன்டி இரண்டாவது கியரில் மெதுவாக ஏறி வருவதைக் காண்பீர்கள். பின்னால் நின்று ஹோர்ன் அடிக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து வாருங்கள். மேலே வாசலில் ஒரு ஆள் நிற்பா. ஹோர்ன் கேட்டால் பயந்துவிடுவா.

வாப்பாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள்.